இஸ்திரிப் பெட்டிக்குப் பயப்படும் லேபிள் பிரிண்டர்

சர்க்கரை, துவரம்பருப்பு, மல்லித்தூள் என்று டப்பாக்களை அடுக்கி லேபிள் ஒட்டிக் காட்டும் வீடியோக்களை நம்பித்தான் இந்தக் குட்டி புளூடூத் பிரிண்டர்கள் விற்கின்றன. தையல் அறையில் வைத்து யாரும் காட்டுவதில்லை. ஆடித் தள்ளுபடியில் ஒன்றை வாங்கி, தீபாவளித் தையல் முடியும்வரை அதை உழைக்க வைத்ததில் காரணம் விளங்கிவிட்டது: பருப்பு டப்பாவை யாரும் இஸ்திரி போடுவதில்லை.

விவரங்கள் எல்லோரும் அறிந்தவைதான். 203 டிபிஐ, டைப்-சி சார்ஜர், மை கிடையாது, கையடக்கம். எந்தப் பெயரில் வாங்கினாலும் வேலை செய்யும் விதம் ஒன்றே என்பதால் கம்பெனிப் பெயரை விட்டுவிடுகிறேன். அச்சு பளிச்சென்று விழுகிறது, பேட்டரியும் நின்று உழைக்கிறது. இந்த இரண்டிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இதை ஏன் வாங்கினேன் என்பது குமாரபாளையத்துக்காரர்களுக்குச் சொல்லாமலே புரியும். தெருவுக்குத் தெரு விசைத்தறி ஓடும் ஊர். லுங்கி, துண்டு, ரேயான் எல்லாம் இங்கேயே நெய்கிறார்கள். காவிரிப் பாலத்தைத் தாண்டினால் பவானி; இன்னும் கொஞ்சம் போனால் ஈரோடு ஜவுளிச் சந்தை. கட் பீஸைக் கிலோ கணக்கில் அள்ளிக்கொண்டு வந்துவிடலாம். துணி வருகிற வேகத்தில் தையல் முடிவதில்லை, அவ்வளவுதான். அலமாரி நிரம்பியதும் கட்டிலுக்கடியில், அதுவும் நிரம்பியதும் மிஷின் காலடியில் என்று பைகள் பெருகிக்கொண்டே போகும்.

நிறத்தைப் பார்த்து அடுக்கினால் போதாதா என்பார்கள். நிறம் கண்ணுக்குத் தெரியும். தையலைக் கெடுப்பது கண்ணுக்குத் தெரியாத சங்கதிகள். ஒரு லைனிங் துணி நனைத்துக் காயவைத்ததா, கடையிலிருந்து வந்தபடியே இருக்கிறதா என்பதை மடித்து வைத்தபின் தொட்டுப் பார்த்துச் சொல்வது கஷ்டம். நனைக்காத லைனிங்கை வைத்துத் தைத்த ஜாக்கெட், முதல் சலவையிலேயே உள்ளுக்குள் சுருங்கி மேல்துணியைச் சுருக்கம் சுருக்கமாக இழுக்கும். அகலமும் அப்படித்தான். 44 அங்குல அகலம் என்றால் ஜாக்கெட்டுக்கு 80 சென்டிமீட்டர் போதும்; 36 அங்குலம் என்றால் ஒரு மீட்டராவது வேண்டும். மடிப்பைப் பிரிக்காமல் இதையெல்லாம் சொல்ல லேபிளால்தான் முடியும்.

பிரிண்டரின் எதிர்பாராத லாபம் அரைகுறை வேலைகளில் கிடைத்தது. லேபிள் சின்னது, நாலு வார்த்தைக்கு மேல் போட்டால் எழுத்து எறும்பாகிவிடும். அதனால் ‘பச்சை பட்டு ஜாக்கெட்’ என்ற வகைப் பெயர்களை விட்டுவிட்டு, அடுத்து ஆக வேண்டிய வேலையை மட்டும் அச்சடிக்க ஆரம்பித்தேன். ‘கொக்கி மட்டும் பாக்கி.’ ‘ஃபால்ஸ் வரணும்.’ ‘கை அளவு கேட்கணும்.’ பைக்குள் இருப்பது பச்சைப் பட்டு என்பது எட்டிப் பார்த்தாலே தெரிகிறது. அது ஏன் பாதியில் நிற்கிறது என்பதுதான் மறந்து போகிறது. கொக்கி பாக்கி உள்ள பைகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து, ராத்திரி டிவி பார்த்தபடியே உட்கார்ந்து தைத்து முடித்துவிடலாம். கூட வேலை செய்யும் பெண் லேபிளைப் படித்துவிட்டு, “ஏனுங்க்கா, இதுல பாதிக்கு மேல கை வேலைதானுங்” என்றாள். நாங்கள் மலையாக நினைத்த வேலையில் மிஷின் ஏற வேண்டியது கொஞ்சம்தான் என்பதை இந்தக் கருவிதான் காட்டிக்கொடுத்தது.

இனி, குறை. இது நேரடி வெப்ப அச்சு. தாளின் மேல் நிறமில்லாத ஒரு சாயமும் அதைக் கறுக்கவைக்கும் வேதிப்பொருளும் பூசப்பட்டிருக்கின்றன. பிரிண்டரின் முனை சூடாகித் தொடும் இடத்தில் இரண்டும் உருகிக் கலந்து கறுப்பாகின்றன. பஸ் டிக்கெட், ஏடிஎம் சீட்டு எல்லாம் இதே வகைதான். முனைக்கு மட்டும்தான் கறுப்பேன் என்று தாள் சத்தியம் செய்யவில்லை. எந்தச் சூடு பட்டாலும் கறுக்கும். நூறு டிகிரிக்குக் கீழேயே அதற்குப் போதும். பருத்திக்கு வைக்கும் இஸ்திரிப் பெட்டியோ 200 டிகிரி அளவில் இருக்கிறது. மடித்த துணியின் ஓரத்தில் ஒட்டிய லேபிள் மேல் பெட்டி தெரியாமல் உரசினால் போதும், எழுத்து, ஓரம், வெள்ளை எல்லாம் ஒரே கறுப்பு. படிக்க எதுவும் மிஞ்சாது.

அதற்கு நேர்மாறான குறையும் இதே தாளில் உண்டு. மிஷின் எண்ணெய்க் கை பட்டால் எழுத்து வெளுக்கிறது. பிவிசி உறைக்குள் போட்டுப் பாதுகாத்தால், அந்த உறையை வளையவைக்கச் சேர்த்திருக்கும் பொருளே எழுத்தைத் தின்றுவிடுகிறது. வெயிலும் மங்கவைக்கும். சூடு, எண்ணெய், பிளாஸ்டிக் உறை, ஜன்னல் வெளிச்சம் நான்கும் இல்லாத தையல் அறை எந்த ஊரில் இருக்கிறது? பசையும் காகிதத்துக்கும் டப்பாவுக்கும் ஆனது. துணியில் ஒட்டினால் ஒன்று உரிந்து விழுகிறது, இல்லாவிட்டால் பிசுக்கை விட்டுப் போகிறது. பட்டுத்துணியில் ஒட்டிப் பார்க்க வேண்டாம்.

ஆப்பைப் பற்றித் தனியாகப் புலம்ப வேண்டும். நாலு வார்த்தை அச்சடிக்கக் கணக்குத் தொடங்கச் சொல்கிறது, இருப்பிட அனுமதி கேட்கிறது. பழைய ஆண்ட்ராய்டில் புளூடூத் கருவியைத் தேட இருப்பிட அனுமதி தேவைப்பட்டது உண்மை. 2021-இல் வந்த ஆண்ட்ராய்டு 12 அதற்கெனத் தனி அனுமதியையே கொடுத்துவிட்டது. இந்த ஆப்புக்கு அந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை. என் உஷா மிஷின் ஒருநாளும் என்னிடம் ஓடிபி கேட்டதில்லை; சொட்டு எண்ணெய்க்கு மேல் எதையும் எதிர்பார்த்ததுமில்லை. ஆப்பில் உள்ள அலங்கார எழுத்துருக்களில் தமிழ் அடித்தால் ‘கொக்கி’யின் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கிறது. வேறு இடத்தில் அடித்துப் படமாக மாற்றி உள்ளே கொண்டுவந்தால் சரியாக விழுகிறது. ஆனால் பேனாவால் எழுதியிருந்தால் அதற்குள் கொக்கியையே தைத்து முடித்திருக்கலாம்.

துணிக்கு அடையாளம் போடும் கலை நம்மூருக்குப் புதிதல்ல. சலவைத் தொழிலாளர்கள் சேராங்கொட்டைச் சாற்றில் குறி போட்டார்கள். சுண்ணாம்பு சேர்ந்தால் அது வெள்ளாவிக்கும் அசையாது. தோலில் பட்டால் கொப்புளம் கிளம்பும் என்பதால் அதை வீட்டில் முயல வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் கணக்கு சரியானது: துணி எந்தப் பாடு படுமோ, அந்தப் பாட்டை அடையாளமும் தாங்க வேண்டும். ரெடிமேட் சட்டைக்குள் இருக்கும் சலவைக் குறிப்பு நாடா இதையே செய்கிறது. அது ரிப்பன் மையால் நைலான், சாட்டின் நாடாவில் அச்சாவது. பிரதரின் பி-டச் வரிசையில் துணிமேல் இஸ்திரி போட்டே ஒட்டவைக்கும் நாடா கிடைக்கிறது. பிரிண்டர்தான் வேண்டும் என்பவர்கள் கூடுதலாகச் செலவழித்து அந்தப் பக்கம் போவது நல்லது.

இப்போது என் அறையில் இரண்டு ஏற்பாடு. அலமாரித் தட்டு, பட்டன் டப்பா, நூல் பெட்டி என்று அசையாத, சூடு படாத இடங்களுக்குப் பிரிண்டர். அங்கே அது அருமையான வேலைக்காரன். மடித்த துணிக்கும் பாதி வேலைப் பைக்கும் காடாத் துணியில் இரண்டு விரல் அகல நறுக்கு, பால்பாயின்ட் பேனா, ஊக்கு. அகலம், நனைத்ததா இல்லையா, அடுத்த வேலை என்று மூன்றே வரி. வேலை முடிந்ததும் நறுக்கைத் திருப்பி மறுபக்கம் எழுதலாம்.

வாங்கலாமா? பொட்டிக் வைத்து டப்பா டப்பாவாகப் பட்டனும் லேஸும் அடுக்குகிறவர்கள் வாங்கலாம். வீட்டில் தைப்பவர்கள் முதலில் அரை மீட்டர் காடாவும் ஓர் அட்டை ஊக்கும் வாங்கி ஒரு பண்டிகை சீசனை ஓட்டிப் பாருங்கள். அதன்பிறகும் ஆசை இருந்தால் பிரிண்டருக்குப் போங்கள். இஸ்திரி மேசையிலிருந்து தள்ளியே வையுங்கள்.