பதினான்கு கோடை கண்ட ஜோடி

அப்பா வாணியம்பாடியில் ஒரு டேனரியில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். தோல் என்றால் அவருக்குக் கட்டைவிரல்தான் கண். 2016 கோடையில் எங்களைப் பார்க்க அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துக்கு வந்தபோது, வாசலில் கிடந்த என் போட் ஷூவைக் கையில் எடுத்து மடக்கினார். மடங்கிய இடத்தில் பழுப்பு வெளுத்தது. விட்டதும் பழைய நிறம் ஊறி வந்தது. மூன்று முறை அப்படிச் செய்து பார்த்தார். பிறகு உள்ளே கையை விட்டுத் துழாவினார். “இன்னாடா இது, சொல்யூஷனே காணோம்? யார்ரா தச்சது?” என்றார். சொல்யூஷன் என்றால் ஒட்டுகிற பசை. ஊரில் பழைய மேஸ்திரிகளைப் பற்றிப் பேசும்போது மட்டும் வருகிற மரியாதை அந்தக் குரலில் இருந்தது.

அப்போதே அந்த ஷூவுக்கு ஐந்து வயது. 2011-ல் வாங்கியது. பதினான்கு கோடை தாண்டியும் அதே ஜோடிதான் என் காலில். இவ்வளவு நன்றாகச் செய்த ஒரு பொருளை என் வாழ்நாளில் நான் வேறு வாங்கியதில்லை.

இதை வாங்குவதற்கு முந்தின வருடம் போட் ஷூ என்ற பெயரில் மலிவாக ஒன்று வாங்கியிருந்தேன். நண்பரின் பாய்மரப் படகில் காஸ்கோ விரிகுடாவுக்குள் போகும்போதெல்லாம் அதைத்தான் போட்டேன். ஆகஸ்டு வருவதற்குள் பசை விட்டு, அடிப்பாகம் வாயைப் பிளந்தது. ஒருநாள் நனைந்த தளத்தில் வழுக்கி விழுந்து முழங்கால் வீங்கியது. “படகுக்கென்று செய்ததை வாங்கு” என்று நண்பர் சொன்னார். அப்படித்தான் லூயிஸ்டன் நகரின் ரான்கோர்ட் பட்டறையில் கையால் தைத்த ஜோடி என்னிடம் வந்தது. ஆண்ட்ரோஸ்காகின் ஆற்றங்கரையில் எதிரெதிரே இருக்கும் லூயிஸ்டனும் ஆபர்னும் ஒரு காலத்தில் துணி ஆலைகளாலும் செருப்புத் தொழிலாலும் நிறைந்திருந்த ஊர்கள். நம் ஆம்பூர், வாணியம்பாடி மாதிரிதான்.

போட் ஷூ பிறந்த கதையே வழுக்கி விழுந்த கதைதான். கனெக்டிகட் மாநிலத்தைச் சேர்ந்த பால் ஸ்பெரி என்ற படகோட்டி ஈரத் தளத்தில் சறுக்கித் தண்ணீரில் விழுந்தார். அதன் பிறகு அவருக்கு வழுக்காத அடிப்பாகம் ஒன்றைக் கண்டுபிடிப்பதே யோசனை. பனிக்காலத்தில் ஒருநாள், பிரின்ஸ் என்ற அவருடைய நாய் பனிக்கட்டியின் மேல் தடுமாறாமல் ஓடுவதைக் கவனித்தார். அதன் பாதத்தில் மெல்லிய வெடிப்புகள். அதே மாதிரி ரப்பரில் மீன்முள் வரிசையாகக் கத்தியால் கீறினார். 1935-ல் அந்த ஷூ விற்பனைக்கு வந்தது. பின்னால் அமெரிக்கக் கடற்படையும் வாங்கியது.

அடிப்பாகத்தைத் தட்டையாகப் பிடித்துப் பார்த்தால் அந்தக் கீறல்கள் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. ரப்பரை வளைத்தால் நூற்றுக்கணக்கான சின்ன உதடுகள் திறக்கின்றன. பாதம் அழுந்தும்போது அவை அடியிலிருக்கும் தண்ணீரை வழித்து ஒதுக்கிவிட்டுத் தளத்தைக் கவ்விக்கொள்கின்றன. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடும்போது, அலை அடித்த தளத்தில் நிமிர்ந்து நின்று பாய்க்கயிற்றை இழுத்துப் பாருங்கள். ஸ்பெரிக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போடுவீர்கள். நானும் ஒவ்வொரு தடவையும் போடுகிறேன்.

ஆனால் ஆயுள் இருப்பது அடியில் அல்ல, மேலே. சாதாரண ஷூவில் மேல்தோலை லாஸ்ட் என்கிற கால் அச்சின் மேல் போர்த்தி, ஓரத்தை அடியில் மடித்துப் பெரும்பாலும் பசையால் ஒட்டுவார்கள். பசை காய்ந்தால் கதை முடிந்தது. என் ஷூ மொக்காசின் முறையில் செய்தது. வட அமெரிக்கப் பழங்குடிகளின் காலணியிலிருந்து வந்த முறை. ஒரே தோல் பாதத்துக்கு அடியில் ஓடி, இரண்டு பக்கமும் தொட்டில் மாதிரி மேலே எழும்பி வருகிறது. அதன் மேல்வாயில் இன்னொரு துண்டை வைத்துத் தைக்கிறார்கள். ஈரமாக்கிய தோலை அச்சின் மேல் இழுத்துப் பிடித்து, குத்தூசியால் ஓட்டை போட்டு, மெழுகு நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒரே ஓட்டையில் எதிரெதிராக நுழைத்து இறுக்குவார்கள். ஒரு தையல் அறுந்தாலும் பக்கத்துத் தையல் பிடித்துக்கொள்ளும். விரல் முனையில் பக்கத் தோல் அளவில் பெரியது, மேல்துண்டு சிறியது. மிச்சத்தைச் சேலைக் கொசுவம் போல ஒரே சீராகச் சுருக்கி அடக்க வேண்டும். அப்பா வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தது அந்தக் கொசுவத்தைத்தான்.

தோல் சிகாகோவில் 1905-ல் தொடங்கிய ஹார்வீன் டேனரியின் குரோம்எக்செல். முதலில் குரோமில் பதப்படுத்தி, மறுபடி மரப்பட்டைச் சாற்றில் ஊறவைத்து, எண்ணெயும் மெழுகும் கொழுப்புமாக ஊட்டுகிற தோல். அப்பா மடக்கியபோது வெளுத்தது, உள்ளிருந்த அந்த எண்ணெய் நகர்ந்ததால்தான். உப்புத் தண்ணீரில் எத்தனை முறை நனைந்ததென்று கணக்கே இல்லை. இன்னும் விறைக்கவில்லை, வெடிக்கவில்லை. கீறல் விழுந்தால் விரலால் தேய்த்தாலே பாதி மறைந்துவிடுகிறது.

வார் கோக்கும் கண்கள் பித்தளை, துருப் பிடிக்காது. தோல் வார் குதிகாலைச் சுற்றி ஓடுவதால் முன்னால் இழுத்தால் பின்னாலும் இறுகும். வாரை மட்டும் மூன்று முறை மாற்றியிருக்கிறேன்.

2018-ல் அடிப்பாகம் தேய்ந்து கீறல்கள் மறைந்தன. பட்டறைக்கே அனுப்பினேன். சில வாரங்களில் புது ரப்பர் தைத்துத் திரும்பி வந்தது. மேல்தோலில் ஒரு தையலைக்கூடத் தொட வேண்டியிருக்கவில்லை. ஏழு வருடத்தில் என் பாதத்தின் வடிவத்துக்கு வந்திருந்த தோல் அப்படியே இருக்க, அடி மட்டும் புத்தம்புதிது. காலைப் போட்டபோது பழைய வீட்டுக்குப் புதுத் தரை போட்ட மாதிரி இருந்தது.

பராமரிப்பு என்று நான் செய்வது கொஞ்சம்தான். உப்பில் நனைந்தால் நல்ல தண்ணீரில் அலசுவேன், உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் உலர்த்துவேன். ஹீட்டர் பக்கம் கொண்டுபோகவே மாட்டேன். வருடத்துக்கு இரண்டு முறை தோல் கிரீம் தடவுவேன். பனிக்காலத்தில் அலமாரியில் ஓய்வு. சாலையில் கொட்டுகிற உப்புக்கு இதைப் பலி கொடுக்க எனக்கு மனம் வராது.

விலை அந்த மலிவு ஷூவைப் போல ஐந்து மடங்கு. அது ஒரு கோடைகூடத் தாங்கவில்லை. இது பதினான்கு தாங்கியிருக்கிறது.

நீங்கள் வாங்கப்போகிறீர்கள் என்றால் விளம்பரத்தை நம்ப வேண்டாம், அப்பா செய்ததைச் செய்யுங்கள். தோலை மடக்கிப் பாருங்கள், நிறம் நகர வேண்டும். உள்ளே கையை விடுங்கள், பக்கத் தோல் அறுபடாமல் பாதத்துக்கு அடியில் ஓட வேண்டும். ரப்பரை வளையுங்கள், கீறல்கள் திறக்க வேண்டும். வெறுங்காலில் போட்டு, சற்றே இறுக்கமாக இருக்கிற அளவையே எடுங்கள். ஒரு மாதத்தில் தோல் உங்கள் காலுக்கு இளகிக் கொடுக்கும்.