ரிப்போர்ட் யார் கையில்?

பயாப்சி முடிவு வந்ததும் நோயாளியை வெளியே உட்காரவைத்துவிட்டு மகனையோ கணவரையோ உள்ளே கூப்பிட்டுப் பேசுவது தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் பழகிப்போன வழக்கம். பல நேரம் குடும்பமே முந்திக்கொள்ளும்: "அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் டாக்டர், தாங்க மாட்டார்." அன்றிலிருந்து நோய்க்கு வேறு பெயர்கள். புற்று என்பது கட்டியாகும், ஆறாத புண்ணாகும். கதிர்வீச்சு 'கரண்ட் வைப்பது' என்றாகிவிடும். இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. இந்த வழக்கத்தை எதிர்ப்பவர்கள் இதை வெறும் பொய் என்று ஒதுக்குகிறார்கள். ஆதரிப்பவர்களோ 'இது நம் பண்பாடு' என்ற ஒரே சொல்லில் பேச்சை முடித்துவிடுகிறார்கள். இந்த இரண்டாவது விளக்கம்தான் அதிகம் எடுபடுகிறது என்பதால் அதையே முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும்.

மறைப்பது நமக்கு மட்டுமே உரிய பண்பாடு என்றால் மேற்கில் அது இருந்திருக்கக் கூடாது. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1847-இல் வகுத்த நெறிமுறை, மருத்துவரின் சொல்லும் நடந்துகொள்ளும் விதமும்கூட நோயாளியின் ஆயுளைக் குறைக்கலாம் என்று எச்சரித்தது. ஆபத்தை நோயாளியைச் சேர்ந்தவர்களிடம் சொல்லிவிட வேண்டும், நோயாளியிடம் சொல்வது தவிர்க்கவே முடியாதபோது மட்டும் என்பதே அதன் அறிவுரை. நம் ஊர் மருத்துவமனையில் இன்று நடப்பதும் அதேதான். சிகாகோவில் மருத்துவர்களிடம் நடத்தி 1961-இல் வெளியிட்ட ஆய்வில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் புற்றுநோயாளியிடம் உண்மையைச் சொல்லாமல் விடுவதையே விரும்பினார்கள். 1979-இல் அதே நாட்டில் வெளிவந்த இன்னோர் ஆய்வில் 97 விழுக்காட்டினர் சொல்லும் பக்கம் நின்றார்கள். பதினெட்டே ஆண்டுகளில் ஒரு நாட்டின் பண்பாடு தலைகீழாகிவிடாது. மாறியவை சிகிச்சையின் பலன், நீதிமன்றங்களின் பார்வை, நோயாளி தன் உரிமையைக் கேட்கத் தொடங்கியது ஆகியவையே. இதனால் பண்பாட்டுக்கு இதில் பங்கே இல்லை என்று ஆகிவிடாது. லாஸ் ஏஞ்சலீஸில் முதியோர் 800 பேரிடம் நடந்து 1995-இல் வெளிவந்த ஆய்வில், பரவிவிட்ட புற்றுநோயை நோயாளியிடம் சொல்லத்தான் வேண்டும் என்றவர்கள் ஐரோப்பிய வழி வந்தோரில் 87 விழுக்காடு, கொரிய வழி வந்தோரில் 47 விழுக்காடு. பெரிய இடைவெளிதான். ஆனால் அந்த 47-ஐ இன்னொரு பக்கமிருந்தும் பார்க்க வேண்டும். மறைப்பதை ஏற்கும் சமூகம் என்று பெயர் வாங்கியதிலும் ஏறக்குறையப் பாதிப்பேர் சொல்லிவிட வேண்டும் என்கிறார்கள். எதிரே உட்கார்ந்திருக்கும் கொரியப் பெரியவர் எந்தப் பாதியைச் சேர்ந்தவர் என்று அவருடைய பண்பாட்டை வைத்து ஊகிக்க முடியாது. அவரைத்தான் கேட்க வேண்டும்.

மறைப்பவர்களின் அச்சம் ஆதாரமற்றது என்று சொல்லவும் முடியாது. ஸ்வீடனில் அறுபது லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பதிவேடுகளை வைத்துச் செய்து 2012-இல் வெளியிட்ட ஆய்வின்படி, புற்றுநோய் உறுதியான முதல் வாரத்தில் தற்கொலை அபாயம் மற்றவர்களைவிட 12.6 மடங்கு, இதயநோயால் இறக்கும் அபாயம் 5.6 மடங்கு. மொத்த எண்ணிக்கையில் தற்கொலைகள் மிகக் குறைவு என்றாலும் 'தாங்க மாட்டார்' என்ற பேச்சைச் சிரித்துத் தள்ள இந்தக் கணக்கு இடம் தராது. அதோடு, நம் ஊரில் நோய் ஒரு தனிமனிதனின் விவகாரமும் அல்ல. செலவுக்குப் பணம் புரட்டுவதும், வார்டில் துணைக்குப் படுப்பதும், மாத்திரை நேரத்தைக் கவனிப்பதும் குடும்பம்தான். சுமையில் ஒரு பகுதியாக அந்தச் செய்தியையும் சேர்த்துச் சுமக்க அது முன்வருவது பெரிய விஷயம். ஆயினும் ஸ்வீடன் எண்கள் உணர்த்துவது, சொன்ன பிறகு அந்த முதல் வாரத்தில் நோயாளியைத் தனியே விடக் கூடாது என்பதை. உண்மை மறைக்கப்பட்ட நோயாளிக்கு நேர்வதோ அந்தத் தனிமைதான். மறைத்தது நெடுநாள் நிற்பதும் இல்லை. சென்னைக்கு அழைத்து வந்து 'அடையாறு' என்று சொன்னாலே பாதி தமிழ்நாட்டுக்கு விஷயம் புரிந்துவிடும். 1954 முதல் அங்கே இருப்பது கேன்சர் இன்ஸ்டிடியூட். முடி கொட்டும்போதும், பக்கத்துப் படுக்கைக்காரர் பேச்சுக்கொடுக்கும்போதும், பேரனின் செல்போனில் மருந்தின் பெயரைத் தட்டிப் பார்க்கும்போதும் மிச்சமும் தெரிந்துவிடுகிறது. தெரிந்ததைக் காட்டிக்கொண்டால் பிள்ளைகள் உடைந்துபோவார்களே என்று அவரும் நடிக்கத் தொடங்குகிறார். இரு தரப்பும் ஒருவரையொருவர் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, பேச வேண்டியதைப் பேசாமலே நாளைக் கடத்துகிறார்கள்.

அப்படியானால் இந்த வழக்கத்தைத் தாங்கி நிற்பது எது? பணம் கட்டுகிறவர் கையிலும் கையெழுத்துப் போடுகிறவர் கையிலும்தான் ரிப்போர்ட் போய்ச் சேருகிறது என்பது என் வாதம். வேலையில் இருக்கும் ஐம்பது வயது ஆணிடம் நேரடியாகப் பேசத் துணியும் மருத்துவமனை, அதே வயதில் சம்பாத்தியம் இல்லாத அவர் மனைவிக்கு நோய் என்றால் கணவரைத் தேடுகிறது. அன்பு மட்டுமே காரணமாக இருந்தால் இந்த வேறுபாடு தேவையில்லை. விதியும் இதற்கு வழிவிட்டிருக்கிறது. மருத்துவர் நோயின் தீவிரத்தைக் கூட்டியும் குறைத்தும் சொல்லக் கூடாது என்கிறது இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 ஒழுக்க விதி. ஆனால் நோயாளி, உறவினர், பொறுப்புள்ள நண்பர் ஆகியோரில் யாருக்குத் தெரிந்தாலும் போதும் என்று கொள்ளும்படி அது எழுதப்பட்டிருக்கிறது. தேசிய மருத்துவ ஆணையம் 2023-இல் கொண்டுவந்த புதிய விதிகள் அதே மாதம் நிறுத்திவைக்கப்பட்டு, பழைய விதியே திரும்பிவந்தது. நீதிமன்றம் இதைவிடத் தெளிவாகப் பேசியிருக்கிறது. பரிசோதனைக்காக மட்டும் மயக்க மருந்து கொடுக்கப்பட்ட ஒரு பெண்ணின் கருப்பையைத் தாயாரின் சம்மதத்தோடு அகற்றிய டெல்லி வழக்கில், உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது சுயநினைவு திரும்பக்கூடிய வயதுவந்தவருக்காக இன்னொருவர் சம்மதிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் தீர்ப்பளித்தது. பெற்ற தாய்க்கே இல்லாத உரிமை மற்ற உறவினருக்கு எங்கிருந்து வரும்? நோயின் பெயரே தெரியாமல் கீமோ படிவத்தில் ஒருவர் போடும் கையெழுத்தைச் சம்மதம் என்று ஏற்பதில் எனக்குத் தயக்கம் உண்டு.

இழப்பு கொள்கையளவில் நின்றுவிடுவதில்லை. குணமாகும் கட்டத்தைத் தாண்டிவிட்ட நோய்க்கு இன்னொரு சுற்று கீமோ போட நிலத்தை விற்கலாமா என்ற கேள்வி வரும்போது, அந்த நிலத்தை வாங்கிச் சேர்த்தவரைத் தவிர எல்லாரும் கூடிப் பேசுகிறார்கள். உயிர்காக்கும் கருவிகள் வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை 2018-இல் உச்ச நீதிமன்றம் ஏற்று, 2023-இல் நடைமுறையையும் எளிதாக்கியது. தன் நோயையே அறியாதவர் அதை எந்தத் தருணத்தில் எழுதுவார்? முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரிடம் பாஸ்டனில் நடந்து 2010-இல் வெளிவந்த ஆய்வில், தொடக்கத்திலிருந்தே வலிதணிப்புச் சிகிச்சையும் சேர்த்துப் பெற்றவர்கள் கடைசி நாட்களில் கடுமையான சிகிச்சைகளைக் குறைவாகவே ஏற்றார்கள். ஆனாலும் இடைநிலை (மீடியன்) கணக்கில் 11.6 மாதம் வாழ்ந்தார்கள். மற்றவர்களுக்கு 8.9 மாதம். அத்தகைய சிகிச்சையில் நோயாளியோடு பேசுவது பாதி வேலை. அதை நோயாளிக்குத் தெரியாமல் செய்வது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை.

கடைசியாக வரும் ஆட்சேபம்தான் வலுவானது: ஓ.பி.யில் வரிசை வாசலைத் தாண்டி நிற்கையில் இதற்கெல்லாம் ஏது நேரம்? நேரம் இருந்தாலும் வெற்றி உறுதியில்லை என்று நானே சேர்த்துக்கொள்கிறேன். 2012-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், முற்றிய நோய்க்குக் கீமோ பெற்றுவந்தவர்களில் நுரையீரல் நோயாளிகள் 69 விழுக்காட்டினரும் பெருங்குடல் நோயாளிகள் 81 விழுக்காட்டினரும் அது நோயைக் குணப்படுத்தாது என்பதை உணர்ந்திருக்கவில்லை. தங்கள் மருத்துவர் மிக நன்றாகப் பேசுகிறார் என்று பாராட்டியவர்களிடம்தான் இந்தத் தவறான நம்பிக்கை கூடுதலாக இருந்தது. ஆக, எல்லா உண்மையையும் எல்லாரிடமும் கொட்டிவிடு என்ற கட்டளை நடக்காது. நடக்கக்கூடியது சிறியது: பயாப்சிக்கு அனுப்பும்போதே, முடிவு யாருக்கும் தெரியாத அந்த நேரத்தில், "முடிவு வந்ததும் உங்களிடம் சொல்லட்டுமா, வீட்டில் வேறு யாரிடமாவது சொல்லட்டுமா?" என்று நோயாளியிடம் கேட்டுக் கேஸ் ஷீட்டில் குறித்துக்கொள்வது. ஒரு நிமிட வேலை. "பெரியவன்கிட்ட சொல்லிடுங்க, எனக்கு வேண்டாம்" என்று அவர் சொன்னால் மகனிடம் சொல்வது மறைப்பு ஆகாது, அவர் சொன்னதைச் செய்வதாகும். மகனும் ரகசியமாகக் கெஞ்ச வேண்டியதில்லை. இரண்டு மாதம் கழித்து அவர் மனம் மாறக்கூடும் என்பதால், ஒவ்வொரு கட்டத்திலும் மறுபடி கேட்க வேண்டியிருக்கும். கேட்கும்போது மகனைச் சற்று வெளியே உட்காரச் சொல்லவும் வேண்டியிருக்கும். குடும்பங்கள் சண்டை பிடிக்கப்போவது இந்த இடத்தில்தான்.