சொல்லப்படாத சொல்: துர்க்கனேவின் ‘ஆஸ்யா’ பற்றிய ஒரு நோக்கு

இழந்த காதலை நினைந்து இரங்கும் கதைகள் உலக இலக்கியத்திற் பல உள. அவற்றுட் பல, இழப்புக்கு விதியையோ பிறர் சூழ்ச்சியையோ பொறுப்பாக்குவன. இவான் துர்க்கனேவின் ‘ஆஸ்யா’ அத்தகையதன்று. 1858ஆம் ஆண்டு ‘சவ்ரெமென்னிக்’ சஞ்சிகையில் வெளிவந்த இக்குறுநாவலிற் காதலுக்குக் குறுக்கே நிற்பது நாயகனது தயக்கமேயாகும்.

றைன் நதிக்கரையிலுள்ள சிறு ஜெர்மன் நகரொன்றில், இருபத்தைந்து வயதுடைய ருஷ்ய இளைஞன் ககீனையும் அவன் தங்கை ஆஸ்யாவையும் சந்திக்கிறான். ஆஸ்யா, ககீனின் தந்தையாகிய நிலவுடைமையாளருக்கும் வீட்டுப் பணிப்பெண்ணுக்கும் பிறந்தவள். அவளிடம் மாறிமாறி வெளிப்படும் இறுமாப்புக்கும் கூச்சத்துக்கும் இப்பிறப்பு நிலையே காரணமாகும். அவளே முன்வந்து தன் அன்பை உணர்த்துகிறாள். அவனோ அவளைக் கடிந்துகொள்கிறான். தன் உள்ளத்தைத் தெளிவாக அறிந்த பின்னரும் பேச்சை மறுநாளைக்கு ஒத்திவைக்கிறான். பொழுது விடிந்தபோது அண்ணனும் தங்கையும் ஊரைவிட்டு நீங்கிவிட்டனர். கொலோனிலும் லண்டனிலும் அவன் தேடியது வீணாயிற்று.

அதே ஆண்டில் இக்கதையை ஆராய்ந்த செர்னிஷெவ்ஸ்கி, நாயகனின் கோழைத்தனத்தைத் தனிமனிதக் குறைபாடாகக் கொள்ளவில்லை. பொது வாழ்வில் துணிந்து செயற்படும் பழக்கமற்ற ஒரு வர்க்கம், காதலிலும் அவ்வாறே தடுமாறும் என்பது அவர் வாதம். பண்ணையடிமை முறையை ஒழிப்பது பற்றிய விவாதம் ருஷ்யாவில் வலுத்திருந்த காலம் அது. 1861இலேயே அம்முறை ஒழிக்கப்பட்டது. எனவே, காதற் சந்திப்பொன்றில் அரசியற் கையாலாகாத்தனத்தைக் கண்ட அவரது பார்வை மிகையன்று.

ஆயினும், அவரது தீர்ப்பு சந்திப்பின் தோல்வியையே மையமாகக் கொள்கிறது. கதையோ அதற்கப்பாலும் செல்கிறது. இதனைக் கூறுபவன் அவ்விளைஞனல்லன். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழிந்தபின் திரும்பிப் பார்க்கும் அதே மனிதன். அத்தகைய மனைவியுடன் தான் மகிழ்ந்திருக்க மாட்டான் என அவன் தன்னைத் தேற்றிக்கொண்டதுண்டு. ஆயினும், அவ்வுணர்வு வேறெந்தப் பெண்ணிடத்தும் மீண்டும் எழவில்லை எனவும் ஒப்புக்கொள்கிறான். அவளது சிறு கடிதங்களையும் உலர்ந்த மலரொன்றையும் பேணி வைத்திருக்கிறான்.

இங்குதான் படைப்பின் கூர்மை உளது. வாழாத வாழ்வுக்குச் சோதனை இல்லை. அதிற் பிணக்கு இல்லை, வறுமை இல்லை, முதுமையும் இல்லை. ஆகவே அவ்வாழ்வைப் பற்றிய ஏக்கம் அவனுக்குத் துன்பமாக மட்டுமன்றி உடைமையாகவும் அமைகின்றது. ஆனால் ஆஸ்யா உயிருடன் இருக்கிறாளா என்பதே அவனுக்குத் தெரியாது. தெரிவு செய்யும் சுதந்திரம் பெற்றிருந்தவனின் வருத்தமே நமக்குக் கேட்கிறது. அத்தெரிவின் விளைவைச் சுமந்தவளின் குரல் கேட்கவில்லை.

அவன் அச்சொல்லை ஏன் சொல்லவில்லை என்பதற்குச் சமூகவியல் நோக்கு விடை தருகின்றது. சொல்லாமையோடு ஒருவன் எவ்வாறு இசைந்து வாழப் பழகுகிறான் என்பதைக் கலை காட்டுகின்றது. இவ்விரண்டையும் ஒருங்கு நோக்காத விமர்சனம், கதையின் பாதியையே வாசித்ததாகும்.