கதிர்வீச்சு என்னும் சொல்லும் ஒரு பிளாஸ்டிக் படலமும்

தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க மத்திய அரசு ஒப்புதல் அளித்த செய்தி 2015இன் தொடக்கத்தில் வெளியாயிற்று. அது முதல் கம்பம் பள்ளத்தாக்கில் பெரிதும் அடிபட்ட சொற்களுள் ஒன்று ‘கதிர்வீச்சு’. அச்சொல் கையாளப்பட்ட முறையையே இங்கு ஆராய விரும்புகிறோம்.

எதிர்த்தவர்கள் கதிர்வீச்சு பரவும் என்றனர். ஆதரித்தவர்களோ, நியூட்ரினோக்கள் நொடிதோறும் கோடிக்கணக்கில் நம் உடலை ஊடுருவிச் செல்கின்றன, தீங்கில்லை என்றனர். இவ்விடை உண்மையே, ஆனால் அரைகுறையானது. எக்ஸ்-கதிரும் உடலை ஊடுருவத்தானே செய்கிறது? இதைக் கேட்ட உழவருக்கு ஐயம் கூடுமே அன்றிக் குறையாது.

ஊடுருவுகிறதா என்பதன்று கேள்வி. போகிற வழியில் என்ன செய்துவிட்டுப் போகிறது என்பதே கேள்வி. இதை விளக்க ஒரு பிளாஸ்டிக் படலம் போதும். பிளாஸ்டிக் மின்சாரத்தைக் கடத்தாது; அதன் எலெக்ட்ரான்கள் மூலக்கூறுகளில் கட்டுண்டு கிடக்கின்றன. எக்ஸ்-கதிர் பட்டால் சில எலெக்ட்ரான்கள் பெயர்ந்து விடுபடுகின்றன. படலத்தின் இருபுறமும் மின்னழுத்தம் கொடுத்திருந்தால் சிறு மின்னோட்டம் ஓடும். கதிரை நிறுத்தினாலும் அது உடனே நிற்பதில்லை. ஆங்காங்கே சிக்கிய எலெக்ட்ரான்கள் மெல்ல விடுபட, ஓட்டம் படிப்படியாகத் தேயும். ஃபௌலர் என்ற இயற்பியலறிஞர் 1956இல் இதனை விரிவாக ஆராய்ந்து வெளியிட்டார்.

நியூட்ரினோவுக்கு மின்னூட்டமில்லை, பொருளோடு அது மோதுவது மிக அரிது. ஆகவே படலத்தின் மின்காப்பு அதனால் குலையாது. வானிலிருந்து பொழியும் மியூவான்கள் அப்படியல்ல. உள்ளங்கையளவு இடத்தில் நொடிக்கு ஓரிரண்டு விழுகின்றன. செல்லும் வழியில் எலெக்ட்ரான்களைப் பெயர்க்கின்றன. அவற்றைப் பத்து லட்சத்தில் ஒன்றாகக் குறைக்கவே ஒரு கிலோமீட்டர்ப் பாறை தேவைப்பட்டது.

திட்டமிட்ட உணர்கருவியில் கண்ணாடித் தகடுகளுக்கு ஏறத்தாழ 10,000 வோல்ட் அழுத்தம். அதனைச் சைகை வாங்கும் பட்டைகளிலிருந்து பிரித்துக் காப்பது மைலார் என்னும் பிளாஸ்டிக் படலமே. கதிர்வீச்சு மிகுந்த இடத்தில் இக்கருவி வேண்டாத சைகைகளால் திணறிப்போகும். கதிர்வீச்சை உண்டாக்க அன்று, அதற்கு ஒதுங்கவே மலையை நாடினார்கள். விளக்கவுரைகளில் முதல் வரியாக நின்றிருக்க வேண்டிய செய்தி இது.

எதிர்த்தவர்களுக்கும் ஒரு சொல். பாறையுடைப்பு, காடு, நீர் ஆகியவை பற்றிய நியாயமான கேள்விகளைக் கதிர்வீச்சு அச்சம் மறைத்துவிட்டது. 2022இல் தமிழக அரசு அனுமதி மறுத்து உச்ச நீதிமன்றத்தில் எடுத்துக்காட்டியது காட்டையும் புலிகளின் வழித்தடத்தையுமே. அக்கேள்விகளுக்குப் பிளாஸ்டிக் படலம் விடை தராது. எந்தக் கேள்விக்கு எது விடை என்று பிரித்துக் காட்டுவதே அறிவியல் எழுத்தின் கடமை.