அடங்கலில் இல்லாதவள்

2021 ஆகஸ்டில் தில்லிப் பல்கலைக்கழகம் ஆங்கில ஆனர்ஸ் பாடத்திட்டத்திலிருந்து மகாஸ்வேதா தேவி, பாமா, சுகிர்தராணி மூவரின் எழுத்தையும் எடுத்துவிட்டது. சாதி, உடல் என்ற தளங்களிலேயே விவாதம் சுழன்றது. நீக்கப்பட்ட சுகிர்தராணியின் ‘என் உடல்’ இயற்கை பற்றிய கவிதையும்கூட என்பதை, நான் படித்தவரையில், யாரும் பொருட்படுத்தவில்லை. அதில் நிலமும் பெண்ணுடலும் ஒன்றாகிவிடுகின்றன. வெளியே நின்று ரசிக்க ஓர் இயற்கை மிச்சமில்லை.

சூழலியல் அறம் என்று நம் கல்லூரிகளில் நடப்பது பெரும்பாலும் மரம் நடுவிழாச் சொற்பொழிவு. திணைக் கோட்பாடு வேறு கைவசம் இருக்கிறது. முதல், கரு, உரி என்று அடுக்கிவிட்டால் நிலமும் மனிதனும் இசைந்து வாழ்ந்ததாக முடிவு. ஊர்க் கிணற்றில் வாளி விடமுடியாதவள் அந்த இசைவில் எங்கே நிற்கிறாள்?

அமெரிக்கக் கறுப்பினக் கவி லூசில் கிளிஃப்டன் 1989ல் தென் கரோலினாவில் ஒரு பழைய தோட்டப் பண்ணையைப் பார்க்கப் போனார். சுற்றிக் காட்டியவர்கள் அடிமைகளைப் பற்றி வாயே திறக்கவில்லை. விசாரித்தபோது, சொத்துப் பட்டியலில் அடிமை ஆண்களின் கணக்கு மட்டும் இருந்தது. கவிதை அங்கிருந்து பிறந்தது.

இது எனக்குப் புரிய தென் கரோலினா போகவேண்டியதில்லை. பயிர்க்கடனுக்கு என் மேஜைக்கு வரும் அடங்கலில் சர்வே எண், பரப்பு, பயிர், பட்டாதாரர் பெயர் எல்லாம் உண்டு. பருத்தி எடுத்தவளுக்கு அதில் கட்டம் இல்லை. கரிசல் வெடித்துக் கிடக்கும் மாசங்களில் குடத்தோடு அலைகிறவளும் அவள்தான். கி.ரா. கரிசலுக்குப் பேச்சு கொடுத்தார், பெரிய காரியம். ஆனால் அது பெரும்பாலும் சம்சாரி வீட்டுத் திண்ணையிலிருந்து கேட்கிற பேச்சு.

இதற்காக சுகிர்தராணியை இழுத்து வந்து ‘இக்கவிதை உணர்த்தும் சுற்றுச்சூழல் கருத்து யாது?’ என்று ஐந்து மார்க் கேள்வியாக்கினால், அது நீக்கியதைவிட மோசம். (அதானி குழுமம் புரவலராக இருந்ததால் 2023ல் தமக்கு அறிவித்த விருதை மறுத்தவர் அவர். அதையும் கவிதைக்கு மார்க்காகப் போடக்கூடாது.) முதலில் சொற்கள் மாணவனைத் தொந்தரவு செய்யட்டும். அவன் ஊர்க் கண்மாயில் யார் எந்தப் படித்துறையில் இறங்குகிறார்கள் என்று ஆசிரியர் அப்புறம் கேட்கலாம்.

கழுகுமலைப் பாறையின் வட்டெழுத்துகளில் குரத்தியர் எனப்பட்ட சமணப் பெண் ஆசிரியர்கள் இருக்கிறார்கள், மாணாக்கர்களோடு. ஆயிரம் வருஷத்துக்கு மேலாகிறது. உல்லாசப் பயணம் வரும் பள்ளிப் பிள்ளைகளுக்கு வெட்டுவான் கோவிலைக் காட்டிவிட்டு இறக்கிக் கூட்டிப்போகிறார்கள்.