மாற்கு நற்செய்தியின் முடிபும் எச்சமும்

ஒரு நூலின் பொருளை அறுதியிட விழைவோர் முதற்கண் அந்நூல் யாண்டுத் தொடங்கி யாண்டு முடிகின்றது என்பதைத் தெளிதல் வேண்டும். இடைச்செருகலையும் மிகைப்பாடலையும் பிரித்து மூலபாடம் காண நம் பதிப்பாசிரியர்கள் மேற்கொண்ட உழைப்பைத் தமிழ் மாணவர் நன்கறிவர். கிறித்தவ வேதநூலுள் அத்தகைய சிக்கல் நிறைந்த இடங்களுள் ஒன்று மாற்கு நற்செய்தியின் இறுதிப் பகுதி. நான்கு நற்செய்திகளுள் காலத்தால் முற்பட்டது இதுவென்பதும், கி.பி. 70ஐ ஒட்டிக் கிரேக்க மொழியில் இயற்றப்பட்டது என்பதும் ஆய்வாளருட் பெரும்பாலார் கருத்து. இதன் 16ஆம் அதிகாரம் எவ்விடத்து முடிகின்றது என்பதையும், அம்முடிபு நூலின் பொருளுக்கு இயைபுடையதா என்பதையும் ஈண்டு ஆராய்வாம்.

நாம் பயிலும் தமிழ் மொழிபெயர்ப்புகளில் இவ்வதிகாரம் 20 வசனங்களை உடையது. ஓய்வுநாள் கழிந்த விடியலில் மகதலேனா மரியாளும், யாக்கோபின் தாய் மரியாளும், சலோமேயும் நறுமணப் பொருள்களுடன் கல்லறைக்குச் செல்கின்றனர். வாயிலை மூடிய பெருங்கல் புரட்டப்பட்டிருக்கக் காண்கின்றனர். உள்ளே வெண்ணிற ஆடையுடுத்து அமர்ந்திருந்த இளைஞன் ஒருவன், இயேசு உயிர்த்தெழுந்தார் என்றும், முன்னே கலிலேயாவுக்குச் செல்கின்றார் என்றும் சீடர்க்கும் பேதுருவுக்கும் அறிவிக்குமாறு பணிக்கின்றான். அப்பெண்டிரோ நடுங்கி மருண்டு ஓடுகின்றனர். அச்சத்தால் எவரிடத்தும் எதனையும் கூறினாரல்லர். இது 8ஆம் வசனம். எஞ்சிய 12 வசனங்கள் இயேசு பலர்க்குத் தோன்றியதையும், சீடரை உலகெங்கும் அனுப்பியதையும், விண்ணேறியதையும் உரைக்கின்றன.

இப்பன்னிரண்டும் மாற்கின் வாக்கல்ல என்பதற்குப் புறச்சான்றும் அகச்சான்றும் உள. 4ஆம் நூற்றாண்டினவாகிய சினாய்ச் சுவடியும் வத்திக்கான் சுவடியும் 8ஆம் வசனத்தோடு முடிகின்றன. சினாய் மலை மடத்தில் 1892இல் கண்டறியப்பட்ட பழைய சிரியாக்குச் சுவடியும் அவ்வாறே. செம்மையான படிகள் அவ்விடத்தே முடிந்தன என்பதை 4ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்த யூசேபியு குறித்துள்ளார். எனினும் 180ஐ ஒட்டி எழுதிய இரெனேயு, 19ஆம் வசனத்தை மாற்கின் கூற்றாகவே எடுத்தாளுதலின், நீண்ட முடிவு 2ஆம் நூற்றாண்டிலேயே வழங்கிற்று என்பது தேற்றம். பொபியோ என்னும் இலத்தீன் சுவடி பிறிதொரு குறுகிய முடிவைத் தருகின்றது. வாசிங்டன் சுவடி, வேறெந்தக் கிரேக்கச் சுவடியிலும் இல்லாத ஒரு பகுதியை 14ஆம் வசனத்தின்பின் சேர்த்துள்ளது. ஒரு நூலுக்கு முடிவு பலவாதல், முதற்கண் இருந்த முடிவு கற்பார் பலர்க்கு அமைதி தரவில்லை என்பதையே காட்டும்.

இனி, அகச்சான்று. 8ஆம் வசனத்தின் எழுவாய் பெண்டிர். 9ஆம் வசனத்தின் எழுவாய் இயேசு. ஆயினும் கிரேக்க மூலத்தில் அவர் பெயர் அங்குக் கூறப்படவில்லை. 15:40, 15:47, 16:1 ஆகிய மூன்றிடத்தும் பெயர் சுட்டப்பெற்ற மகதலேனா மரியாள், 9ஆம் வசனத்தில் புதியவள் போல அறிமுகம் செய்யப்படுகின்றாள். 7ஆம் வசனம் உணர்த்திய கலிலேயாச் சந்திப்போ பின்னர்க் கூறப்படவே இல்லை. மேலும், மாற்கைப் பின்பற்றிச் செல்லும் மத்தேயுவும் லூக்காவும் 8ஆம் வசனத்தை அடுத்துத் தத்தம் வழியே பிரிகின்றனர். முன்னவர் அச்சத்தோடு பெருமகிழ்ச்சியையும் சேர்த்து அப்பெண்டிரைச் செய்தி சொல்ல ஓடச் செய்கின்றார். பின்னவர் அவர்கள் பதினொருவர்க்கும் யாவும் கூறினர் என்கின்றார். அவர்கள் கண்ட படியும் ஈண்டே முடிந்தது போலும்.

இவ்வளவும் ஆய்வாளர் பலர்க்கும் உடன்பாடே. 8ஆம் வசனம் ஆசிரியர் கருதி அமைத்த முடிவா, அன்றி இறுதி ஏடு சிதைந்தமையால் நேர்ந்த முடிவா என்பதிலேயே கருத்து மாறுபாடு நிகழ்கின்றது. வெல்ஹவுசன், ஆர். எச். லைட்ஃபுட் முதலியோர் முதற்கருத்தினர். மறுப்போர் காட்டும் தடை ஒன்று சொல்லியல் பற்றியது. அவ்வசனம் 'கார்' என்னும் இடைச்சொல்லால் முடிகின்றது. காரணப் பொருளதாகிய அச்சொல் தொடரின் முதற்கண் வாராது. ஆகலின், அச்சத்தை உணர்த்தும் வினை ஒன்றும் இவ்விடைச்சொல்லுமாக இரு சொல்லே நின்ற தொடரில் அஃது இறுதியில் நிற்றல் இயல்பே. எனினும், ஒரு நூல் இடைச்சொல்லால் முடியுமோ என வினவினர். பிளாட்டினசின் நூற்பகுதி ஒன்று அவ்வாறே முடிதலை 1972இல் வான் டெர் ஹோர்ஸ்ட் எடுத்துக்காட்டினார். தமிழில் 'ஆதலின்' என்று நிறுத்தின் தொடர் முடியாது நிற்கும். கிரேக்கத்திலோ தொடர் இலக்கண வகையான் முற்றுப்பெற்றதே. எனவே குறை சொல்லில் இல்லை, கதையிலேயே உளது.

கதையில் உள்ள இக்குறையை எங்ஙனம் கொள்வது? தொல்காப்பியர் செய்யுளுறுப்பு முப்பத்து நான்கனுள் எச்சத்தையும் ஒன்றாக வைத்தார். கூறியதனால் முற்றுப்பெறாது, சொல்லானாதல் குறிப்பானாதல் முடிவு கொள்வது அது. கிரேக்க நூலுக்குத் தமிழிலக்கணம் பொருந்துமோ எனின், ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என யாம் கூறவில்லை. நமக்குப் பழகிய கருவியைக் கொண்டு பிறமொழி நூலை நோக்குகின்றோம், அவ்வளவே. எச்சத்திற்குரிய முடிபைக் கற்போன் தன் விருப்பிற்கேற்பப் புனைதல் ஆகாது; நூலினுள்ளேயே அதற்குரிய குறிப்பு இருத்தல் வேண்டும். மாற்கில் அக்குறிப்பு உளதா என்பதே வினா.

முதற்கண் அச்சத்தின் இயல்பை நோக்குவாம். அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கன்வழி அச்சம் பிறக்கும் என்பது மெய்ப்பாட்டியல். ஆட்சியாளர்க்கு அஞ்சியே பெண்டிர் வாய் திறந்திலர் எனக் கொள்ளின், அது இறைவழி வந்த அச்சமாம். ஆனால் மூலத்தில் நடுக்கத்தோடு இணைந்து நிற்பது 'எக்ஸ்தாசிஸ்' என்னும் சொல்; நம் மருட்கைக்கு அணித்தாயது. மாற்கில் இச்சொல் பிறிதோரிடத்து மட்டுமே வருகின்றது. யவீருவின் இறந்த மகள் எழுந்து நடந்தபோது கண்டோர் கொண்ட மருட்கை அது (5:42). இரண்டிடத்தும் இறந்தார் எழுதலே நிலைக்களன். ஆகலின் பெண்டிர் அச்சம் அணங்குவழிப்பட்டது என்பது எமது துணிபு. அதனைக் கோழைமை எனல் பொருந்தாது.

அடுத்து, ஓட்டமும் மௌனமும். இயேசு பிடிபட்ட இரவில் சீடர் அனைவரும் ஓடினர் என்னுமிடத்து (14:50) வந்த வினையே பெண்டிர் ஓட்டத்திற்கும் வருகின்றது. அவ்விரவில் மெல்லிய துணியை விட்டு ஓடிய இளைஞனைக் குறித்த சொல், கல்லறையில் ஆடையுடுத்து அமர்ந்த இளைஞனைக் குறிக்க மட்டுமே மீண்டும் ஆளப்படுகின்றது. தொழுநோய் நீங்கியவன் எவர்க்கும் எதுவும் கூறற்க எனப் பணிக்கப்பட்டும் எங்கும் பரப்பினான் (1:44-45). கூறுக எனப் பணிக்கப்பட்ட பெண்டிரோ அதே இரட்டை எதிர்மறை அமைப்பில் வாய் வாளாமை உடையராயினர். உயிர்த்தெழும் வரை கூறற்க என முன்னர் விதித்த எல்லை (9:9) கடந்தபின் இம்மௌனம் நிகழ்தலும் கருதத்தக்கது. இத்தகைய இயைபுகள் ஏடு சிதைந்ததனால் தாமே அமைந்தன எனல் அரிது.

முடிபு தரும் குறிப்பு 10:32இல் உளது என்பது எம் கருத்து. எருசலேமுக்குச் செல்லும் வழியில் இயேசு முன்னே செல்கின்றார், பின்தொடர்வோர் அஞ்சுகின்றனர். முன்செல்லலைக் குறித்த அவ்வினையே, உயிர்த்தபின் கலிலேயாவுக்கு முன்செல்வேன் என்ற வாக்கிலும் (14:28), இளைஞன் கூற்றிலும் (16:7) வருகின்றது. அஞ்சுதலும் அவ்வாறே 16:8இல் மீண்டும் வருகின்றது. 10:32இல் அச்சம் பின்தொடர்தலைத் தடுக்கவில்லை, அஞ்சியவாறே நடந்தனர். முன்செல்வோன் வாக்குப் பொய்த்ததாக மாற்கு எங்கும் காட்டவில்லை. ஆதலின் எஞ்சியது யாது என்பதைக் கற்போன் உய்த்துணர்தல் கூடும்.

பெண்டிர் கூறாராயின் இச்செய்தி நூலாயது எங்ஙனம் என்பது எஞ்சிய தடை. நற்செய்தி எங்கெங்கு அறிவிக்கப்படுமோ அங்கெல்லாம், தலையில் தைலம் வார்த்த பெண்ணின் செயலும் பேசப்படும் என்கின்றது 14:9. செய்தி பரவும் என்பதை நூல் முன்னரே அறிந்துள்ளது. மௌனம் நிலைக்கவில்லை என்பதற்கு அந்நூல் நம் கையில் இருத்தலே சான்று.

இறுதி ஏடு சிதைந்திருத்தல் கூடாது என்று யாம் அறுதியிடவில்லை. ஆயினும், இருக்கும் பாடம் தன்னளவில் பொருள் பயக்குமாயின், இழந்த ஏட்டைக் கற்பித்துக்கொள்ள வேண்டுவதில்லை. பின்வந்த 12 வசனங்கள் திருச்சபை வழக்கில் பெற்ற மதிப்பு வேறு. அவை மாற்கின் வாக்கா என்பது வேறு. அவற்றைச் சேர்த்தோர் நூலின்பாற் கொண்ட அன்பினாலேயே சேர்த்தனர். ஆயினும் அச்சத்தைத் துடைத்துக் கதையை நிறைத்த அவர்கள், அஞ்சியவாறே பின்செல்லுமாறு மாற்கு கற்போனிடத்து விட்டுச்சென்ற பணியையும் அவன் கையினின்று எடுத்துக்கொண்டனர். அதனை அவனுக்கே மீட்டளித்தல் உரைகாண்போன் கடன்.