பட்டியல் வழியே பாரிஸ்

பாரிஸ் மாநகருக்குச் செல்லும் பிரயாணிகளில் பெரும்பாலோர், அந்நகரில் காலடி வைப்பதற்கு முன்பே, அங்கே பார்க்கவேண்டியவை இன்னின்னவை என்று தீர்மானம் செய்துகொண்டுதான் புறப்படுகிறார்கள். ஈபிள் கோபுரம், லூவர் பொருட்காட்சிசாலை, நோத்ர தாம் ஆலயம், வெற்றி வளைவு, மோன்மார்த்ர் குன்று, ஸேன் நதியில் ஒரு படகுச் சவாரி என்று அந்தப் பட்டியல் யார் கையில் இருந்தாலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது. இரண்டு மூன்று நாட்களுக்குள் இவ்வளவையும் முடித்துக்கொண்டு அடுத்த நகரத்துக்கு ரயிலேறிவிடும் இந்த வழக்கத்தைப் பரிகசிப்பது, கொஞ்சம் படித்தவர்கள், கொஞ்சம் அலைந்தவர்கள் நடுவே இப்போது ஒரு நாகரிகமாகிவிட்டது. அவர்கள் சொல்வதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் பட்டியலின் பக்கத்திலும் நியாயம் உண்டு என்பதும், அந்த நியாயம் பரிகாசக்காரர்கள் நினைப்பதைவிடப் பெரிது என்பதும் என் அபிப்பிராயம்.

ஒரு காலத்தில் பாரிஸைப் பார்ப்பது பிரபுக்களின் பாத்தியதையாக இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் செல்வக் குடும்பங்கள் தம் புதல்வர்களை ஓர் ஆசிரியரோடு சேர்த்துப் பிரான்ஸுக்கும் இத்தாலிக்கும் அனுப்பிவைக்க, அவர்கள் மாதக்கணக்கில், சில வேளை வருஷக்கணக்கில், அங்கே தங்கி, சித்திரங்களையும் சிற்பங்களையும் நிதானமாகப் பார்த்துத் திரும்பினார்கள். நிதானம் அவர்களுடைய குணவிசேஷத்தால் வந்ததன்று, பணத்தால் வந்தது. 1841ல் லெஸ்டரிலிருந்து லப்பரோ என்ற ஊருக்கு மதுவிலக்கு அன்பர்களைச் சொற்பக் கட்டணத்தில் ரயிலில் அழைத்துச் சென்ற தாமஸ் குக், 1855ல் பாரிஸில் உலகப் பொருட்காட்சி நடந்தபோது ஐரோப்பாக் கண்டத்துக்கே ஆட்களை அழைத்துச் செல்லத் தொடங்கினார். ஏறத்தாழ அதே காலத்தில் பேடெக்கர் என்ற ஜெர்மானியரின் சிவப்பு அட்டைக் கையேடுகள், முக்கியமான இடங்களுக்கு நட்சத்திரக் குறியிட்டு, எதை முதலில் பார்ப்பது, எதை விட்டுவிடலாம் என்பதை வழிகாட்டியை அமர்த்திக்கொள்ள வசதியில்லாதவருக்கும் சொல்லிவைத்தன. இன்றைய பட்டியலின் பூர்வீகம் இதுதான். விசாவுக்காக வங்கிக் கணக்கைக் காட்டி, அலுவலகத்தில் விடுப்புக்காகப் பல்லைக் காட்டி, வாழ்நாளில் ஒரு முறை பாரிஸுக்கு வந்து சேரும் ஒருவரிடம், “நீர் ஏன் ஒரு மாதம் தங்கிச் சந்துபொந்தெல்லாம் உலவவில்லை?” என்று கேட்பது, பழைய பிரபுத்துவம் புதிய வேஷத்தில் பேசுவதேயாகும்.

அதுமட்டுமா? பாரிஸ் நகரமே தன்னைப் பட்டியலிட்டுக் காட்டும்படியாக அமைக்கப்பட்ட நகரம். 1853 முதல் 1870 வரை அதை ஆட்சி செய்த அதிகாரி ஹவுஸ்மன், இடுங்கிய பழைய தெருக்களை இடித்துத் தள்ளி, நேரான அகன்ற வீதிகளை வகுத்தபோது, பல வீதிகளின் கோடியிலே ஒரு கட்டடமோ நினைவுச் சின்னமோ கண்ணுக்கு நேரே நிற்கும்படி பார்த்துக்கொண்டார். பாரிஸின் மற்றப் பெருவீதிகள் பலவற்றில் வரிசை வரிசையாக மரங்கள் நிற்க, ஓபெரா வீதியில் மரமில்லாதிருப்பது, அதன் கோடியிலுள்ள நாடக மாளிகையை இலைகள் மறைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். இப்படி விரலை நீட்டிக் காட்டுகிற நகரத்தில், காட்டப்பட்டதைப் பார்த்தவனைக் குற்றம் சொல்வது எப்படி?

பின்னே குற்றம் எங்கே இருக்கிறது என்றால், லூவருக்குள் சென்று பார்க்கவேண்டும். அரசர்களின் அரண்மனையாக இருந்து, புரட்சியின்போது 1793 ஆகஸ்டு 10ஆம் தேதி பொதுஜனங்களுக்குத் திறந்துவிடப்பட்ட அந்த மாளிகையில் இன்று பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கும் கலைப்பொருள்கள் சுமார் 35,000. ஒன்றுக்கு அரை நிமிஷம் வீதம் ஒதுக்கினாலும், உறக்கமும் ஆகாரமும் இன்றி 12 நாள் நிற்கவேண்டும். ஆகவே தேர்ந்தெடுப்பது தவிர்க்க முடியாதது. ஆனால் அந்தத் தேர்வைச் செய்தது யார்? வருகிற ஜனங்களில் மிகப் பெரும்பான்மையோர் தேடிச் செல்லும் மோனா லிசா, 77 செண்டிமீட்டர் உயரமும் 53 செண்டிமீட்டர் அகலமும் உள்ள சிறியதொரு பலகைச் சித்திரம். அதை எழுதிய லியனார்டோவின் கைத்திறனை ரசிகர்கள் வெகுநாளாகவே போற்றி வந்தார்கள் என்றாலும், அந்தப் படத்தை உலகத்தின் கடைக்கோடி வரையில் பிரசித்தமாக்கியது ஒரு திருட்டு. 1911 ஆகஸ்டில், முன்னர் லூவரில் வேலை பார்த்திருந்த பெருஜியா என்ற இத்தாலியத் தொழிலாளி அதை எடுத்துக்கொண்டு போய்விட, பத்திரிகைகள் எல்லாம் அந்த முகத்தை அச்சிட்டன. படம் மாட்டியிருந்த வெறும் சுவரைப் பார்ப்பதற்கே கூட்டம் வந்தது. 1913ன் இறுதியில் பிளாரென்ஸ் நகரத்தில் படம் அகப்பட்டுத் திரும்பியபோது, அது தன் கீர்த்திக்காகவே கீர்த்தி பெற்ற பொருளாகிவிட்டிருந்தது.

அந்தப் படத்துக்கு நேர் எதிர்ச் சுவரில், வெனிஸ் நகரத்து வெரோனெசே 1563ல் எழுதி முடித்த ‘கானாவூர்க் கலியாணம்’ இருக்கிறது. கிட்டத்தட்ட 10 மீட்டர் அகலமும் ஏழு மீட்டருக்குச் சற்றே குறைந்த உயரமும் உள்ள இது, லூவரின் சித்திரங்களில் எல்லாம் பெரியது. ஒரு மடாலயத்தின் போஜனசாலைக்காக எழுதப்பட்ட இதனை, நெப்போலியனின் படைகள் 1797ல் வெனிஸிலிருந்து பெயர்த்துக்கொண்டு வந்தன. நூற்றுக்கும் மேற்பட்ட மனிதர்கள், வாத்தியக்காரர்கள், பரிசாரகர்கள், நாய்கள், நடுவிலே அமைதியாக வீற்றிருக்கும் ஏசுபிரான் என்று ஒரு நகரத்தின் ஆடம்பரம் முழுவதும் அங்கே விரிந்து கிடக்க, அறையில் நெருக்கியடிக்கும் கூட்டமோ அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும் புன்னகையை எட்டுவதற்கு வரிசையில் நகர்ந்து, எட்டியதும் அதற்கும் முதுகைத் திருப்பித் தம்மையும் அதையும் சேர்த்து ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு, காவலர் கைகாட்டிய திசையில் வெளியேறுகிறார்கள். பலசரக்குக் கடையில் சாமான் சீட்டைப் பார்த்துக் கோடு கிழித்துக்கொண்டே வருவது போன்ற இந்தக் காரியத்தில், பார்த்தோம் என்ற அத்தாட்சி கிடைக்கிறது. பார்ப்பதற்கு அவகாசம் கிடைப்பதில்லை.

புகைப்படத்தின்மீது பழி போடுவது சுலபம். நான் அதற்கு உடன்படமாட்டேன். பாரிஸில் வாழ்ந்த மகா சிற்பி ரோதான் இந்தியாவுக்கு வந்தவரல்லர். சென்னைப் பொருட்காட்சிசாலையிலுள்ள நடராஜ விக்கிரகங்களின் புகைப்படங்கள் 1913 வாக்கில் அவர் கைக்குக் கிடைத்தன. அந்தப் படங்களை வைத்துக்கொண்டு, அங்கம் அங்கமாக ஊன்றி நோக்கி, சிவதாண்டவத்தைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை, அவர் காலமானபின் 1921ல் வெளிவந்தது. நேரில் நின்றவன் கண்டுகொள்ளாததை நிழற்படத்தில் கண்டுகொண்டவரும் உண்டு என்பதற்கு இதைவிடச் சாட்சியம் வேண்டியதில்லை. கருவியில் தோஷமில்லை, செலவழித்த நேரத்தில்தான் வித்தியாசம்.

நடராஜரைப் பற்றிய பேச்சு வந்ததனால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஈபிள் கோபுரத்தைப் படமெடுப்பதற்காக ஜனங்கள் குழுமும் த்ரொகதேரோ மேடையிலிருந்து பத்து நிமிஷ நடைதூரத்தில், எமில் கிமே என்ற லியோன் நகரத்து ஆலை முதலாளி நிறுவிய ஆசியக் கலைக்கூடம் இருக்கிறது. கோபுரம் எழுந்த அதே 1889ல் பாரிஸில் திறக்கப்பட்டது அது. அங்கே சோழர் காலத்து நடராஜர் ஒருவர் ஆடிக்கொண்டிருக்கிறார். தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களின் பட்டியலில்கூட அவருக்கு இடம் கிடைப்பது அபூர்வம். பட்டியல் தான் காட்டுகிற பொருளுக்குப் பத்தடி அப்பாலிருப்பதையும் இருளில் தள்ளிவிடுகிறது என்பதே அதன்மீது நான் சொல்லும் முதல் ஆக்ஷேபம்.

இரண்டாவது ஆக்ஷேபம் பிரயாணியைச் சார்ந்ததன்று, ஊராரைச் சார்ந்தது. 2018ல் லூவருக்கு மட்டும் ஒரு கோடிப் பேருக்கு மேல் வந்தார்கள். கூட்டம் தாங்காமல் 2025 ஜூனில் அங்குள்ள ஊழியர்களே வேலையை நிறுத்திக் கதவை அடைத்தார்கள். 2013லும் ஒரு நாள் அடைத்ததுண்டு. அப்போது காரணம் ஜேப்படிக்காரர்கள். பட்டியலை அவர்களும் படிக்கிறார்கள் அல்லவா! பாரிஸில் குடியிருப்போர் தம் வீட்டை விடுமுறைக்காரர்களுக்கு வாடகைக்கு விடுவதற்கு வருஷத்தில் 120 நாள் என்றிருந்த வரம்பை 2025 முதல் 90 நாளாகக் குறைக்கவேண்டி வந்ததும் இந்த நெருக்கடியால்தான்.

ஆக, பட்டியலைக் கிழித்தெறியும்படி நான் சொல்லவில்லை. எங்கே போவது என்பதற்கு அது நல்ல துணை; எவ்வளவு நேரம் நிற்பது என்பதையும் அதனிடமே ஒப்படைத்துவிடுவதுதான் பிசகு. போகிறவர்கள் அதில் சரிபாதியை அடித்துவிட்டு, மிஞ்சியதற்கு இரு மடங்கு காலம் கொடுக்கட்டும். மோனா லிசாவைப் பார்த்தபின் தயவுசெய்து ஒரு முறை திரும்பி நின்று எதிர்ச் சுவரையும் பார்க்கட்டும். லூவருக்கும் கிமே கலைக்கூடத்துக்கும் செவ்வாய்க்கிழமை விடுமுறை. லூவர் புதன், வெள்ளி ஆகிய இரண்டு நாட்களிலும் இரவு 9 மணி வரையில் திறந்திருக்கும்.